அமெரிக்கப் பள்ளித் தொடர்களில் வருவது ஏன் எப்போதும் அதே ஐந்து பேர்?

கொன்றைமரம் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியைக் களமாக வைத்த எந்தத் தொடரை எடுத்தாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் இவர்கள் வந்துவிடுகிறார்கள். பள்ளியின் எழுத்து பொறித்த ஜாக்கெட்டில் ஒரு ஃபுட்பால் வீரன் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து மோதி ஓடுகிற அமெரிக்க ஆட்டம்), அவன் தோளில் சாய்ந்த சியர்லீடர், கண்ணாடி போட்ட படிப்பாளி, தோல் ஜாக்கெட்டும் மோட்டார் பைக்குமாக ஒரு முரட்டுப் பையன், அப்புறம் நாயகிக்குப் புத்தி சொல்வதற்கென்றே ஒரு தோழியோ தோழனோ. இந்த ஐந்தாவது ஆள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், இல்லையென்றால் ஆசிய வம்சாவளி. அவருக்கு வீடு வாசல் உண்டா, யாரையாவது பிடித்திருக்கிறதா என்று காட்டவே மாட்டார்கள்.

1989-ல் என்பிசியில் தொடங்கிய 'சேவ்ட் பை தி பெல்' இந்த அச்சைச் சிறு பிள்ளைகள் பார்க்கும் சனிக்கிழமை காலை நேரத்துக்கே கொண்டுவந்தது. ஸாக் சாமர்த்தியசாலி, ஸ்லேட்டர் மல்யுத்த வீரன், கெல்லி அழகி, ஜெஸ்ஸி படிப்பாளி, லிசா ஆடைப் பிரியை, ஸ்க்ரீச் கோமாளி. நான்கு பருவம் ஓடியும் யாரும் தங்கள் கட்டத்தைத் தாண்டவில்லை. தாண்டினால் அது ஒரு நாள் கூத்து. 1990-ல் வந்த ஒரு அத்தியாயம் பலருக்கும் நினைவிருக்கும். தேர்வுக்கும் பாட்டுப் பயிற்சிக்கும் நேரம் போதாமல் மாத்திரை விழுங்கி விழுங்கி, கடைசியில் ஜெஸ்ஸி ஸாக்கின் கையில் உடைந்து அழுகிறாள். எழுத்தாளர்கள் முதலில் எழுதியது நிஜப் போதை மாத்திரை. சேனலின் தணிக்கைப் பிரிவு ஒப்புக்கொள்ளாததால் அது கடையில் கிடைக்கும் காஃபின் மாத்திரையாக மாறியது. அடுத்த வாரம் ஜெஸ்ஸி ஒன்றுமே நடக்காதது போல வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாளெல்லாம் இருக்கிற வேலை எனக்கு. அந்த வயதில் ஒரு பிள்ளை காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் வேறு மாதிரி இருக்கும். அதைத் திரையில் ஏன் யாரும் எழுதுவதில்லை? எழுதிய தொடர்கள் இருந்தால் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

---

பாலாற்றங்கரை

நல்ல இழை அக்கா. நான் வயதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பொய் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1990 அக்டோபரில் 'பெவர்லி ஹில்ஸ், 90210' ஒளிபரப்பானபோது ஆண்ட்ரியாவாக நடித்த கேப்ரியல் கார்ட்டெரிஸுக்கு வயது 29. பாத்திரத்தின் வயது 16. முரட்டுப் பையன் டிலனாக வந்த லூக் பெர்ரிக்கு 24 ஆகப்போகிறது. 2009-ல் 'க்ளீ' தொடங்கியபோது ஃபின்னாக வந்த கோரி மான்டித்துக்கு 27. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் பேரழகன் பாக்ஸ்டனாக நடித்த டேரன் பார்னெட் முதல் பருவம் வெளிவந்த மாதத்தில் 29-ஐத் தொட்டார்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 16, 17 வயதுக்காரரைப் படப்பிடிப்புக்கு அழைத்தால் பள்ளி நாளில் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் தளத்தில் வைத்திருக்கலாம். அதில் வேலை 6 மணி நேரம், பாடம் 3 மணி நேரம், ஓய்வு 1 மணி நேரம். தளத்திலேயே ஆசிரியரும் இருக்க வேண்டும். 18 தாண்டியவரை எடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தயாரிப்பாளர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவா வேண்டும்?

விலையைக் கொடுப்பது பார்க்கிற பிள்ளைகள். பதினாறு வயதுப் பையனின் கை கால் நீளும், உடம்பு நிரம்பாது. குரல் ஒரு நிலையில் நிற்காது, நெற்றி முழுக்கப் பரு. அவன் திரையில் பார்க்கிற 'பதினாறு வயது' பத்து வருடம் உடற்பயிற்சிக் கூடத்தில் உருவான உடம்பு. என் தங்கை பையன் கண்ணாடி முன்னால் நின்று தன்னை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறான், வேறு எதோடு ஒப்பிடுவான்?

இதற்கு எதிர் உதாரணம் 'மை ஸோ-கால்டு லைஃப்'. முதல் அத்தியாயம் எடுத்தபோது நாயகியாக நடித்த கிளேர் டேன்ஸுக்கு வயது 13. 1994 ஆகஸ்டில் ஒளிபரப்பானபோது 15. அந்த முகத்தில் ஒரே காட்சிக்குள் பிடிவாதம், வெட்கம், அழுகை மூன்றும் வந்து போகும். வேலை நேரக் கட்டுப்பாட்டால் அவரை எல்லாக் காட்சிகளிலும் வைக்க முடியவில்லை, அதனால் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் அதிகம் எழுதினார்கள். தொடர் அதனால்தான் இன்னும் செழிப்பானது. 19 அத்தியாயத்தோடு ஏபிசி நிறுத்திவிட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.

---

மேப்பிள்_தெரு

நியூஜெர்சியில் இருக்கிறோம். மகன் பதினொன்றாம் வகுப்பு, மகள் ஒன்பதாம் வகுப்பு. தொடரில் வருகிற பள்ளியையும் பிள்ளைகள் போகிற பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு தினமும் கிடைக்கிறது.

இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைப்பது நாலைந்து நிமிடம். கட்டடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓட அதுவே போதாது. லாக்கரில் சாய்ந்துகொண்டு கால் மணி நேரம் காதல் பேசுகிற காட்சியைப் பார்த்தாலே மகள் தொலைக்காட்சியோடு சண்டைக்குப் போவாள். நிறையப் பிள்ளைகள் லாக்கரைத் திறப்பதே இல்லை, எல்லாம் முதுகுப்பையில்தான்.

பையன் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் ட்ரோம்போன் வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் இறங்கி வாசிப்பது இவர்கள்தான். தொடர்களில் வாத்தியக் குழுப் பிள்ளை என்றால் ஃபுட்பால்காரன் குப்பைத் தொட்டியில் தள்ளுகிற பிள்ளை. இங்கே அவனுக்குக் கணக்கு வகுப்பில் பக்கத்து இருக்கை ஃபுட்பால் அணியின் லைன்மேன், முன்வரிசையில் நின்று மோதுகிறவன். இருவரும் சேர்ந்துதான் வீட்டுப்பாடம் போடுகிறார்கள். அதே லைன்மேன் வசந்த காலத்தில் பள்ளி நாடகத்தில் நடித்தான்.

பிரிவே இல்லை என்று சொல்லவரவில்லை. மதிய உணவு அறைக்குள் போனால் மேசை மேசையாகப் பிரிந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிரிவு நிறத்தையும் மொழியையும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதையும் பொறுத்தது. விளையாட்டு, படிப்பு என்று தொடரில் பிரிக்கிறார்களே, அந்தக் கோடு இங்கே அவ்வளவு அழுத்தமாக இல்லை.

---

சுவடி

மேப்பிள்_தெரு கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வார்ப்புகளைத் தொலைக்காட்சி சும்மா கற்பனை செய்யவில்லை. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் 1950-களின் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ல் புத்தகமாக வெளியிட்டார். பள்ளியில் எந்த விதமாக நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று பையன்களைக் கேட்டால், சிறந்த மாணவன் என்பதைவிட விளையாட்டு நட்சத்திரம் என்று சொன்னவர்களே அதிகம். ஏன் அப்படி என்பதற்கு அவர் தந்த விளக்கம் அருமையானது. ஒருவன் கணக்கில் முதலிடம் வந்தால் அவன் தோற்கடிப்பது தன் வகுப்புத் தோழர்களை. ஒருவன் ஆட்டத்தில் ஜெயித்தால் தோற்பது பக்கத்து ஊர்ப் பள்ளி, பெருமை சொந்தப் பள்ளிக்கு மொத்தமாகக் கிடைக்கிறது. அப்படியென்றால் பிள்ளைகள் யாரைக் கொண்டாடுவார்கள்? பள்ளி தன் போட்டிகளை அமைத்த விதம்தான் ஃபுட்பால்காரனை உச்சியில் உட்கார வைத்தது. பிள்ளைகளின் மூளைக்கோளாறு ஒன்றும் இல்லை.

அப்புறம் பெனலப்பி எக்கர்ட். மொழியியலாளர். 1980-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளிகளில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு 1989-ல் எழுதினார். அங்கே இரண்டு கூட்டம். 'ஜாக்' என்பவர்கள் பள்ளியின் மன்றம், அணி, நடனவிழா எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர்கள். 'பர்ன்அவுட்' என்பவர்கள் முற்றத்தில் நின்று சிகரெட் பிடிப்பவர்கள். முன்னவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கம், அடுத்த படி கல்லூரி. பின்னவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளி முடிந்தால் உள்ளூரிலேயே வேலை. அவர்களுக்குப் பள்ளி மன்றத் தேர்தலால் எந்தப் பயனும் இல்லை, வேலை வாங்கித் தரக்கூடிய அண்ணன்மார் சகவாசம்தான் பயன். எக்கர்ட் ஜீன்ஸின் கால் அகலத்தைக்கூட விடவில்லை. கீழே விரிந்த கால் என்றால் ஒரு கூட்டம், ஒட்டிய கால் என்றால் இன்னொரு கூட்டம், பள்ளியின் எந்த மூலையில் எது அதிகம் என்று பார்த்துப் பதிவு செய்தார். உயிரெழுத்தை உச்சரிக்கும் விதத்தில்கூட இரு கூட்டமும் வேறுபட்டன.

இன்னொன்றும் அவர் எழுதியிருக்கிறார். பள்ளியில் பெரும்பான்மைப் பிள்ளைகள் இரண்டிலும் சேராதவர்கள், தங்களை 'இடையில் இருப்பவர்கள்' என்றே சொல்லிக்கொண்டவர்கள்.

இப்போது தொலைக்காட்சி என்ன செய்தது என்று பாருங்கள். ஜாக்கெட்டையும் ஜீன்ஸையும் எடுத்துக்கொண்டது, அப்பாவின் சம்பளத்தை விட்டுவிட்டது. பெரும்பான்மையை அப்படியே வெட்டி எறிந்துவிட்டது. முரட்டுப் பையன் பிறவியிலேயே முரடன், படிப்பாளி பிறவியிலேயே படிப்பாளி என்றாகிவிட்டது. '90210'-ல் ஆண்ட்ரியாவைப் பாருங்கள். அவள் வசதியில்லாத பகுதியிலிருந்து, பாட்டியின் முகவரியைக் கொடுத்துப் பணக்காரப் பள்ளியில் சேர்ந்தவள். அவள் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறாள், ஏன் பள்ளிப் பத்திரிகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்பதற்கெல்லாம் பதில் அந்த முகவரியில் இருக்கிறது. எழுத்தாளர்கள் கையில் தங்கம் கிடைத்தும் அதை மெல்ல மறந்துவிட்டு அவளைக் கண்ணாடி போட்ட படிப்பாளியாகவே நடமாட விட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

---

கட்டியங்காரன்

சுவடி சார், நீங்கள் சொன்ன ஆய்வுகள் எல்லாம் சரி. ஆனால் வார்ப்பு என்றாலே குற்றம் என்பது போல இழை போகிறது, அதை மறுக்கிறேன்.

என் பெயரையே பாருங்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் திரையை விட்டு வெளியே வந்ததும் அவன் யார், என்ன செய்வான் என்று சனத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவன் துரியோதனனையே கேலி செய்யும்போது அவ்வளவு ரசிக்கிறோம். அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக 22 நிமிடம். ஆறு பேரை அறிமுகம் செய்ய வேண்டும். அடையாளம் தெரிகிற உருவில் ஆளை நிறுத்துவதைத் தவிர எழுத்தாளருக்கு வேறு வழி இல்லை. நிறுத்திய பிறகு அந்த ஆளை எங்கே கூட்டிப்போகிறார் என்பதில்தான் திறமை.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' முதல் அத்தியாயத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் என்பிசியில் வந்தது, பால் ஃபீக் உருவாக்கியது, கதை நடப்பது 1980-ல் மிச்சிகனில். மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டில் ஒரு ஃபுட்பால் வீரனும் சியர்லீடரும். உன்னை அவ்வளவு நேசிக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது என்று உருகுகிறான். இன்னொரு அழகான பள்ளிக் கதை தொடங்குகிறது என்று நினைக்கும்போதே கேமரா அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டின் அடியில் இறங்குகிறது. அங்கே நீள முடிப் பையன்கள் நின்று ராக் இசை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்தும் நகர்ந்து, அடி வாங்கப்போகிற மூன்று சின்னப் பையன்களிடம் போய் நிற்கிறது. தொடர் யாரைப் பற்றியது என்று ஒரே ஷாட்டில் சொல்லியாகிவிட்டது. நமக்கு அந்த முதல் ஜோடியின் வார்ப்பு பழக்கமில்லை என்றால் இந்தக் காட்சிக்கு அர்த்தமே கிடையாது.

அதில் வரும் பில் ஹேவர்சக்கைப் பாருங்கள். தடிக் கண்ணாடி, கோணல் நடை, அசல் கேலிப் பாத்திரம். ஒரு அத்தியாயத்தில் பள்ளி முடிந்து யாரும் இல்லாத வீட்டுக்கு வருகிறான். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். சீஸ் வைத்து ரொட்டி சுட்டுக்கொள்கிறான், கேக் எடுத்துக்கொள்கிறான், தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஒரு நகைச்சுவையாளரைப் பார்த்து வாயில் சாப்பாட்டோடு சிரிக்கிறான். வசனமே இல்லை, பின்னால் பாட்டு மட்டும் ஓடுகிறது. அந்தப் பையனின் தனிமையும், அதை அவன் சமாளிக்கிற விதமும், அவனுக்கு வாழ்க்கை பிடித்திருப்பதும் எல்லாம் அதில் வந்துவிட்டது. அவன் கடைசிவரை அதே கண்ணாடிதான் போட்டிருக்கிறான். வார்ப்பை உடைக்காமலேயே ஆளைக் காட்ட முடியும்.

---

சுவடி

கட்டியங்காரன் எழுதியது:
> நிறுத்திய பிறகு அந்த ஆளை எங்கே கூட்டிப்போகிறார் என்பதில்தான் திறமை.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன அதே தொடர் எக்கர்ட் ஆராய்ந்த அதே வட்டாரத்தில், ஏறத்தாழ அதே வருடங்களில் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நீள முடிக் கூட்டம் எக்கர்டின் முற்றத்துக் கூட்டமேதான். தொடர் அவர்களை அவரவர் வீட்டுக்குள்ளும் பின்தொடர்கிறது.

அந்தக் கூட்டத்துக் கிம் கெல்லி முதலில் சும்மா அடாவடிப் பெண்ணாகத்தான் தெரிவாள். அப்புறம் ஒரு அத்தியாயத்தில் தொடரின் நாயகி லிண்ட்சேயை இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். நல்ல குடும்பத்துப் பெண்ணோடு பழகுகிறேன் என்று பெற்றோருக்குக் காட்டினால்தான் காரைப் பிடுங்காமல் விடுவார்கள். பாதி கட்டி நிற்கிற வீடு, பிளாஸ்டிக் விரிப்பு தொங்குகிறது, மேசையில் சாப்பாட்டைவிட வசவு அதிகம். அதற்குப் பிறகு கிம் பள்ளியில் யாரை முறைத்தாலும் நமக்குக் கோபம் வராது. அந்த அத்தியாயத்தை என்பிசி ஒளிபரப்பவே இல்லை. பிறகு வேறு சேனலில்தான் வந்தது. தொடரையும் எடுத்த 18-ல் 12 அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கதை பத்துப் பருவம் ஓடுகிறது, கிம் கெல்லியின் வீட்டை ஒரு இரவு காட்ட இடமில்லை. எழுதுகிறவர்களைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

யாழிசை

ரொறொன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஏன் ஒருவரும் கனடாத் தொடரைப் பற்றிக் கதைக்கவில்லை? 'டெக்ராஸி' 1987-ல் இருந்தே பாத்திரத்தின் வயதுக்குப் பொருந்தின பிள்ளைகளைத்தான் நடிக்க வைத்தது. பருவோடும் பல்லுக் கம்பியோடும் நிற்பார்கள். 2001-ல் தொடங்கின அடுத்த தலைமுறைத் தொடரில் ஜிம்மி ப்ரூக்ஸ் என்ற கூடைப்பந்து வீரனாக வந்த பெடியன் ஆப்ரி கிரஹாம், இப்ப உலகத்துக்கு டிரேக் என்று தெரிந்தவர். கறுப்பினப் பெடியன் என்றால் கூடைப்பந்து என்ற பழைய பாட்டுத்தான் முதலில். பிறகு ஒரு நாள், எல்லாரும் சேர்ந்து வதைத்த மாணவன் ஒருவன் துவக்கோடு வந்து ஜிம்மியைச் சுடுகிறான். ஜிம்மி சக்கர நாற்காலிக்கு வருகிறான், ஆட்டம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் கோபப்படுகிறான், சோர்ந்து கிடக்கிறான், பிறகு படம் வரையத் தொடங்குகிறான். இதெல்லாம் ஒரு கிழமையில் முடிந்துபோகவில்லை, பருவக்கணக்காக நீண்டது.

2004-ல் மானி என்ற பெட்டை கருக்கலைப்புச் செய்துகொள்ளும் கதையைக் கனடாவில் காட்டினார்கள். அமெரிக்கச் சேனல் அதை 2006 வரைக்கும் நிறுத்தி வைத்தது. அதே சேனலுக்கு மற்ற அத்தியாயங்களைக் காட்டுவதில் தயக்கம் இருக்கவில்லை.

'நெவர் ஹேவ் ஐ எவர்' பற்றியும் சொல்ல வேணும். மைத்ரேயி ராமகிருஷ்ணன் எங்கட பிள்ளை. மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ் வீட்டுப் பெண், ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் தெரிவானவர். 2020 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த முதல் காட்சியிலேயே அவர் நடிக்கிற தேவி என்ற பிள்ளை, சாமிப் படங்களுக்கு முன்னால் நின்று, பார்ட்டிக்கு அழைப்பு வேணும், கையில் முடி குறைய வேணும், காதலன் வேணும் என்று கேட்கிறாள். கையில் முடி! இவ்வளவு காலமும் எத்தனை பள்ளித் தொடர்கள் வந்தன, எங்கட பெண்பிள்ளைகள் எல்லாரும் பன்னிரண்டு வயதில் கவலைப்பட்ட அந்த விஷயம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திரையில் வந்தது எனக்கு.

---

செங்காந்தள்

யாழிசை, மைத்ரேயியின் நடிப்பைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தத் தொடர் பழைய வார்ப்பையே புதிதாக உடுத்திக் காட்டுகிறது. தேவி வகுப்பின் முதல் மாணவி, கனவு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அம்மா நளினி கண்டிப்பான மருத்துவர். அந்த வீட்டில் தங்கியிருக்கிற உறவுக்காரப் பெண் கமலாவுக்குப் பெண் பார்க்கும் படலம். இந்திய வீடு என்றதும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இந்த மூன்றும்தானே தெரியும்? தமிழ்க் குடும்பம் என்கிறார்கள், வீட்டுக்குள் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் நடத்துகிற, டாக்சி ஓட்டுகிற இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே? சுவடி சொன்ன அப்பாவின் சம்பளம் இங்கேயும் காணோம்.

---

யாழிசை

தமிழைப் பற்றிச் சொன்னது உண்மை, எனக்கும் குறைதான். மற்றதில் முழுக்க உடன்படமாட்டேன்.

பழைய தொடர்களில் இந்தியப் படிப்பாளிப் பிள்ளைக்குக் கோபமே வராது. தேவிக்குக் கோபம்தான் முதல் குணம். அவள் அப்பா, அவள் ஹார்ப் வாசிக்கும் நிகழ்ச்சியிலேயே மாரடைப்பு வந்து போய்விடுகிறார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கால் நடக்கவில்லை. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, துக்கம். அந்தத் துக்கத்தை அவள் அழுது காட்டவில்லை, வீட்டிலும் வகுப்பிலும் பொருட்களை எறிந்தும் ஆட்களைக் குத்திக் கதைத்தும்தான் காட்டுகிறாள். இரண்டாம் பருவத்தில் அனீசா என்ற இன்னொரு இந்தியப் பிள்ளை பள்ளிக்கு வந்ததும் பொறாமைப்பட்டு, அந்தப் பிள்ளை சாப்பிடாமல் இருக்கிற நோயைப் பற்றிப் பள்ளியில் வதந்தி பரவக் காரணமாகிறாள். ஒரு இந்தியப் பெண்பிள்ளையை இவ்வளவு பிழை விட விட்டு, பிறகும் எங்கள் பக்கத்தில் வைத்திருந்த வேறு பள்ளித் தொடரை எனக்குக் காட்டுங்கள்.

பாக்ஸ்டனையும் பாருங்கள். முதல் பருவத்தில் வெறும் அழகன். பிறகு அடிபட்டு நீச்சல் போனதும், படிப்பில் தான் எவ்வளவு பின்னால் நிற்கிறான் என்று அவனுக்கே விளங்குகிறது. ஜப்பானிய வம்சாவளித் தன் குடும்பம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் மான்சனார் தடுப்பு முகாமில் அடைபட்ட கதையை வகுப்பில் எழுந்து சொல்கிறான். அந்த அத்தியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

---

பந்தாட்டம்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. சியர்லீடர்.

1972-ல் அமெரிக்காவில் டைட்டில் 9 என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குகிற கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய பள்ளி ஆண்டில் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. 2018-19-ல் 34 லட்சம். கூடைப்பந்து, கால்பந்து, கைப்பந்து, சாஃப்ட்பால், ஓட்டம் என்று பத்து மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது.

தொடர்களில் இதன் சுவடு எங்கே இருக்கிறது? பெண் என்றால் இன்றைக்கும் கோட்டுக்கு வெளியே நின்று பையன்களுக்காகக் கை தட்டுகிறவள். சியர்லீடிங் உடம்பை முறிக்கிற விளையாட்டு, அதில் இறங்குகிற பெண்களை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்ணைக்கூட விளையாட்டு வீராங்கனையாகக் காட்டுவது அபூர்வம், குத்திப் பேசுகிற அழகியாகத்தான் காட்டுகிறார்கள். நான் பள்ளியில் கைப்பந்து ஆடியவள். முழங்காலில் பிளாஸ்டரோடு வகுப்புக்கு வருகிற, ஆட்டம் தோற்ற மறுநாள் யாரோடும் பேசாத ஒரு பெண்ணைத் திரையில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

---

கொன்றைமரம்

பதில்கள் எல்லாம் படித்தேன், எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரு பயம் பாக்கி இருக்கிறது. இப்போது வருகிற தொடர்கள் வேறு விதம். 'யுஃபோரியா' 2019-ல் வந்தபோது எங்கள் பள்ளிப் பெற்றோர்கள் பலர் அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பழையது பிள்ளைகளைப் பொம்மையாக்கியது, புதியது எல்லாரையும் போதையிலும் படுக்கையிலும் காட்டுகிறது. இதுவும் ஒரு வார்ப்புத்தானே?

---

மேப்பிள்_தெரு

வார்ப்புத்தான், அதுவும் நிஜத்துக்கு நேரெதிரான திசையில் போகிற வார்ப்பு. இங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டுக் கணக்கெடுக்கிறது. கடந்த 30 நாளில் மது குடித்ததாகச் சொன்னவர்கள் 1991-ல் 51 சதவீதம், 2019-ல் 29 சதவீதம். உடலுறவு அனுபவம் உண்டு என்றவர்கள் 1991-ல் 54 சதவீதம், 2019-ல் 38 சதவீதம். '90210' பார்த்த தலைமுறைதான் அதிகம் குடித்தது. 'யுஃபோரியா' பார்க்கிற தலைமுறை குறைவாகக் குடிக்கிறது, ஆனால் மனச்சோர்வு அதிகம் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. என் வீட்டில் பார்ப்பதும் அதுதான். பிள்ளைகள் கெட்டுப்போய்த் திரிவதைவிட அறைக்கதவைச் சாத்திக்கொண்டு களைத்துக் கிடப்பதுதான் எனக்குக் கவலை.

---

கட்டியங்காரன்

'யுஃபோரியா'வுக்காக ஒரு வார்த்தை. அது இஸ்ரேலியத் தொடர் ஒன்றின் தழுவல். எழுதி இயக்கிய சாம் லெவின்சன் இளவயதில் தான் போதையில் சிக்கிக் கிடந்ததைப் பொதுவெளியிலேயே சொன்னவர். ரூ என்ற அந்தப் பெண்ணின் நடுக்கமும் பொய்யும் அம்மாவிடம் கெஞ்சுவதும் தெரிந்தவர் எழுதியது போல இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் அதில் தேடுவது பார்க்கிறவரின் தவறு. ஆனால் அக்கா, உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், பெரியவர்களுக்கான தொடர்.

'தர்ட்டீன் ரீசன்ஸ் வை' தொடரையும் தவிருங்கள். தற்கொலையை அப்படியே காட்டிய காட்சியை மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2019 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸே வெட்டி எடுத்தது.

---

பாலாற்றங்கரை

ஐந்தாவது ஆளைப் பற்றி அக்கா முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு விதிவிலக்கு, மறுபடியும் 'மை ஸோ-கால்டு லைஃப்'தான். ரிக்கி வாஸ்கெஸ். லத்தீன் அமெரிக்க வம்சாவளி, ஒருபால் ஈர்ப்புள்ள பையன், கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு பெண்கள் கழிவறையில் நின்று பேசுபவன். வேறு தொடராக இருந்தால் நாயகியின் உடைக்கு மதிப்பெண் போடுவதோடு அவன் வேலை முடிந்திருக்கும். இங்கே வீட்டில் அடி வாங்கி வெளியே துரத்தப்பட்டு, கிறிஸ்துமஸ் குளிரில் தங்க இடமில்லாமல் அலைகிறான். கடைசியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் வீட்டில் இடம் கிடைக்கிறது. நடித்த வில்சன் குரூஸ், தன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னதற்காகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வேலை பார்க்கிற பிள்ளையை யாராவது காட்டியிருக்கிறார்களா? அமெரிக்காவில் கடையிலும் உணவகத்திலும் பள்ளி முடிந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

---

கட்டியங்காரன்

'ஃப்ரைடே நைட் லைட்ஸ்', 2006 முதல் 2011 வரை. மேட் சாரசென். டெக்சஸில் டில்லன் என்ற கற்பனை ஊர், ஊரே ஃபுட்பாலைச் சாமியாகக் கும்பிடும். முதல் அத்தியாயத்தில் நட்சத்திர வீரன் முதுகெலும்பு முறிந்து விழுந்ததும், யாரும் பொருட்படுத்தாத இந்தப் பையன் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், ஆகிறான். அப்பா ஈராக்கில் ராணுவத்தில். வீட்டில் நினைவு தப்பிக்கொண்டிருக்கிற பாட்டி. பயிற்சி முடிந்ததும் 'அலமோ ஃப்ரீஸ்' என்ற கடையில் ஐஸ்கிரீமும் பர்கரும் எடுத்துக் கொடுக்கிறான், அப்புறம் வீட்டுக்கு ஓடிப் பாட்டிக்கு மாத்திரை கொடுக்கிறான். வார்த்தை திக்கும், யாரையும் நேராகப் பார்க்கமாட்டான். ஜாக்கெட் போட்ட ஃபுட்பால் வீரன் என்ற முதல் வார்ப்பையே எடுத்து இப்படி ஒரு பிள்ளையை உள்ளே வைத்திருக்கிறார்கள். சுவடி சார் கேட்ட அப்பாவின் சம்பளமும் இதில் உண்டு.

---

கொன்றைமரம்

சரி, 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' முதலில், 18 அத்தியாயம்தானே. அப்புறம் மேட் சாரசென். மேப்பிள்_தெரு, உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள். தங்கள் பள்ளி வாழ்க்கைக்குப் பக்கத்தில் வந்த தொடர் என்று எதைச் சொல்வார்கள்?

---

மேப்பிள்_தெரு

சாப்பிடும்போது கேட்டேன். மகன் எதுவும் இல்லை என்றான். வாத்தியக் குழு போட்டிக்குப் போகிற மஞ்சள் பேருந்தை எவனும் எடுத்ததில்லையாம். இரண்டு மணி நேரப் பயணத்தில் பாதிப் பேர் தூக்கம், ஒருத்தன் செல்போன் வெளிச்சத்தில் வேதியியல் போடுவான், பின்சீட்டில் ஒரு சண்டையும் ஒரு காதலும் சேர்ந்து நடக்கும், இறங்கும்போது யாருடைய தொப்பியாவது காணாமல் போயிருக்கும். அதை எடுத்தால் பார்ப்பேன் என்கிறான்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தேவியும் அவள் வகுப்புப் போட்டியாளன் பென்னும் அரை மதிப்பெண்ணுக்காக அடித்துக்கொள்வது தன் வகுப்பில் தினமும் நடக்கிறதாம். அம்மாவோடு தேவி போடுகிற சண்டையைப் பற்றியும் கேட்டேன். அதற்கு என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.